உதவி என்றொரு பொத்தான்

இனி என் ஆயுளில் உலக்கையைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்துதான் அந்த ஃபூஃபூ மெஷினை வாங்கினேன். எங்கள் கானா நாட்டுக் குமாசி நகரில் ஞாயிற்றுக்கிழமை ஃபூஃபூ இல்லாத வீடு வீடே அல்ல. வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் போட்டு மனைவி உட்கார்ந்து புரட்ட, கணவன் நின்று இடிக்க வேண்டும். கல்யாணத்திலிருந்து இடித்து இடித்து என் வலது தோள் இறங்கிவிட்டது.

சபதம் இரண்டு மாதம் நின்றது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் நின்றது. ஞாயிறு மதியம் என் மனைவி போக்குவாவின் மூன்று அண்ணன்மார் சாப்பிட வருகிறார்கள். ஆளுக்கு ஓர் உரல் பிடிக்கும் வயிறு.

"உலக்கையத் துடைச்சு வைக்கட்டுமா?" என்றாள் போக்குவா.

"பேசாம இரு. கம்பெனிக்கு வெப்சைட் இருக்கு. நான் யாரு? கம்ப்யூட்டர் வாத்தியார்!"

"அதான் பயமா இருக்கு."

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க மெஷினைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் ஒரு குடும்பம். 'உதவி' எங்கோ அடியில், எறும்பு எழுதியதுபோல் இருந்தது. அழுத்தினேன். கணக்குத் தொடங்கச் சொன்னது. பாஸ்வேர்டு பலவீனம் என்றது. என் தோளைவிடவா? படங்களில் சைக்கிள் எது என்றது. காட்டினேன். நான் மனிதன்தான் என்று ஒத்துக்கொண்டது. இந்த வீட்டில் எனக்கு அந்தச் சான்று கிடைத்தது அதுவே முதல்முறை.

பிறகு திரையின் மூலையில், 'நான் ஏஞ்சல், உங்களுக்கு உதவ வந்திருக்கிறேன்' என்று ஏஞ்சல் வந்தாள். 'மெஷின் ஓடவில்லை' என்று அடித்தேன்.

'அருமை! மெஷினைப் பளபளப்பாகத் துடைப்பது எப்படி என்று படியுங்கள். இது உதவியதா?'

'இல்லை.'

'நன்றி!'

மறுபடியும் அந்தச் சிரிக்கும் குடும்பம்.

"யாரு அந்த ஏஞ்சல்?" பின்னால் போக்குவா.

"ஆளே இல்லடி. தானா பதில் சொல்ற மெஷின்."

"காலையிலேர்ந்து அவகிட்டதான் பேசறீங்க. என்கிட்ட இப்படிப் பேசி எத்தனை நாளாச்சு?"

"நீ 'இது உதவியதா'ன்னு கேக்கறதே இல்லையே."

"பதில் தெரியும்ல!"

ஏஞ்சல் சீரியல் நம்பர் கேட்டாள். அது மெஷினின் அடிவயிற்றில் இருந்தது. கவிழ்த்தேன். உள்ளே ஊறிய மாவுத்தண்ணீர் முழுக்க என் சட்டையில். எண்ணைக் கொடுத்தேன். 'இந்த எண் செல்லாது. உதவிக்கு, உதவியை அழுத்தவும்.' அழுத்தினேன்.

'வணக்கம்! நாம் இதற்குமுன் பேசியிருக்கிறோமா?' என்றாள் ஏஞ்சல்.

ஞாயிறு மதியம் நான் கொல்லையில் உலக்கையோடு நின்றேன்.

"மெதுவா! என் விரலு!"

"கம்பெனிக்காரன் தலைன்னு நெனச்சு இடிக்கறேன்."

"அப்ப இருங்க, கைய எடுத்துக்கறேன். நல்லா ஓங்கி இடிங்க."

பெரிய அண்ணன் ஒரு உருண்டையை ஆட்டுக்கறிச் சாற்றில் முக்கி விழுங்கிக் கண்களை மூடினார். "இதுல்ல ஃபூஃபூ! மாப்ளே, மெஷின்ல அரைச்சது சுவரொட்டி ஒட்டற பசை மாதிரி இருந்துச்சு."

அவர்கள் ஏப்பம் விட்டபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கம்பெனிச் சட்டை போட்ட மெக்கானிக். ஒரு பெல்ட்டை மாற்றினார். மெஷின் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏஞ்சல் அனுப்பினாளா?"

"ஏஞ்சலா? அவள நாங்களே நம்பறதில்ல சார். மேடம் வெள்ளிக்கிழமையே 'புது மெஷின் வாங்க'ங்கிற பொத்தானை அழுத்திட்டாங்க. வாங்கறதுன்னா எங்காளு உடனே போன்ல வந்துருவான்."

"வெள்ளிக்கிழமையேவா! அப்ப ஏன்யா இப்ப வர்றே?"

"நான் சனிக்கிழமையே வர்றேன்னேன் சார். மேடம்தான், 'எங்கண்ணன்மாரு சாப்பிட்டு முடிச்சப்புறம் வாங்க'ன்னாங்க."