ஐந்து லீற்றர் நீராவி பற்றிய விசாரணை

நீராவியை விசாரணைக்கு அழைத்த முதல் ஊர் என்ற பெருமை, பூநகரிப் பக்கத்து ஜெயபுரத்துக்கே உரியது. மற்ற ஊர்கள் இன்னும் கள்ளர்களோடுதான் மினக்கெடுகின்றன.

அந்தப் பெருமை சும்மா வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், குடிக்கத் தண்ணீர் இல்லை, ஐந்து குழாய்க்கிணறு வேண்டும் என்று ஜெயபுரத்துப் பெண்கள் சங்கம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதியது. நிறுவனம் கடிதத்தை மிகக் கவனமாக வாசித்தது. கிளிநொச்சியில் வாசித்தபோது ஐந்து மூன்றானது. கொழும்பில் மூன்று ஒன்றானது. அதற்கும் மேலே எங்கேயோ அந்த ஒன்று "திரவம் சார்ந்த வாழ்வாதாரம்" ஆனது. கடைசியில் ஊருக்கு வந்து இறங்கியது, வீட்டு முறையில் பியர் காய்ச்சும் பயிற்சி. கேட்டதும் திரவம், கிடைத்ததும் திரவம். குறை சொல்ல நாக்கு வருமா? சுற்றுலாப் பயணிகள் தேடி வந்து வாங்குவார்கள் என்று அறிக்கையில் இருந்தது. ஜெயபுரத்தைத் தேடி வருவது யானை மட்டும்தான். யானை என்ன விலை கொடுக்கும் என்பது அறிக்கையில் இல்லை.

கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சமைக்கிற மீனம்மா "கொதிநிலைப் பொறுப்பாளர்" ஆக்கப்பட்டாள். பியர் மணமே அவளுக்குக் குமட்டும். அவள் சம்மதித்தது கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்காக. பயிற்சிக்கென்று ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து, கிழமைக்கு ஒருமுறை பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். மிஞ்சியதை ஊர் அள்ளிக் குடித்தது. முதல் காய்ச்சலில் இருபது லீற்றர் கிடைத்தால் தாங்கி ஊருக்கே. குறைந்தால் லொறியில் ஏறிப் போய்விடும்.

திட்ட அலுவலர் சுதாகரன் ஓர் அட்டவணையோடு வந்தார். குளிர் தேசத்தில், கதவு பூட்டிய குசினியில், வாய் ஒடுங்கிய பானையை கேஸ் அடுப்பில் வைத்தவர்கள் எழுதிய அட்டவணை. முளைவிட்ட பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்த இனிப்புத் தண்ணீர் இருபத்துநான்கு லீற்றர். ஒரு மணித்தியாலம் கொதித்தால் ஆவியாவது நான்கு. மிச்சம் இருபது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

மீனம்மா கிடாரத்தின் வாயைப் பார்த்தாள். ஒரு முழத்துக்கு மேலே அகலம்.

"சேர், இது கெதியா வத்தும். முதல்ல வெறும் தண்ணிய ஒரு மணித்தியாலம் கொதிக்க விட்டு, எவ்வளவு குறையுதெண்டு தடியில வெட்டுப் போட்டுப் பாப்பமே?"

"அக்கா, வெறும் தண்ணி கொதிக்க வைக்கிறதுக்குத் திட்டத்தில இடமில்லை."

"அப்ப முப்பது லீற்றர் விட்டுத் தொடங்குவம்."

"இருபத்துநாலு எண்டு கிடக்கு. அட்டவணையோட சண்டை பிடிக்கிறீங்களோ?"

மீனம்மா அட்டவணையோடு சண்டை பிடிக்கவில்லை. பாலை விறகை இரண்டாகக் குறைத்து, நெருப்பை அடக்கமாக வைத்தாள். அதற்குள் சுதாகரன் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"நெருப்புத் தெரியேல்லை அக்கா. மேலிடத்துக்குப் படம் அனுப்போணும். நல்லாக் கூட்டுங்கோ."

கூட்டினாள்.

"இன்னும் கொஞ்சம். சுவாலை கிடாரத்துக்கு மேல வரட்டும்."

சோளகக் காற்றும் வந்து கைகொடுத்தது. ஒரு மணித்தியாலம் கிடாரம் துள்ளியது. சுதாகரன் நாற்பத்தேழு படம் எடுத்தார். பிறகு அளந்தார்கள். பதினைந்து லீற்றர்.

"கொதிச்சாறின தண்ணி அஞ்சு லீற்றர் விட்டாச் சரியாப் போம் சேர்" என்றாள் மீனம்மா.

"வெளியிலயிருந்து தண்ணி சேர்த்தா அது ஊழல் அக்கா" என்றார் சுதாகரன். நேர்மையில் அவரை யாரும் அசைக்க முடியாது.

அடுத்த கிழமை விசாரணைக்குழு கூடியது. மூன்று கதிரை, ஒரு மேசை, மாரி பிஸ்கற். கொழும்பிலிருந்து ரஜிதா மிஸ், பக்கத்தில் சுதாகரன், ஊர் சார்பில் சங்கச் செயலாளர் தயாளினி. முதல் சந்தேகநபர், மீனம்மாவின் புருசன் சங்கிலி. காணாமல் போனது புளிக்காத இனிப்புத் தண்ணீர், அதில் வெறியே இல்லை. இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதான். வாயை ஊதச் சொன்னார்கள். வெற்றிலை மணத்தது. "சந்தேகத்துக்கிடமான மணம்" என்று பதியப்பட்டது.

"நான் சீனி வருத்தக்காரன் மிஸ்" என்றான் சங்கிலி. "அஞ்சு லீற்றர் இனிப்புத் தண்ணி குடிச்சிருந்தா உங்களுக்கு இப்ப விசாரணை இல்லை, செத்த வீடு."

ரஜிதா மிஸ் மீனம்மாவிடம் திரும்பினாள். "அஞ்சு லீற்றரும் எங்க?"

"ஆவியாப் போட்டுது மிஸ்."

"ஆர் கண்டது?"

"சேரின்ர போனிலயே கிடக்கு" என்றாள் தயாளினி. "நாப்பத்தேழு படத்திலயும் ஆவிதான். கிடாரத்தைக் காணேல்லை."

ரஜிதா மிஸ் எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். "ஆவி இருக்கு. ஆனா எத்தினை லீற்றர் எண்டு இல்லையே."

தீர்ப்பு கருணையானது. 'என் கவனயீனத்தால் ஐந்து லீற்றர் குறைந்தது' என்ற கடிதத்தில் மீனம்மா கையெழுத்து வைத்தால் தாங்கி நிற்கும். இல்லாவிட்டால் லொறி. லொறி தாங்கிக்குப் பக்கத்திலேயே இரைந்துகொண்டு நின்றது. அதற்கு முன்னால் தண்ணீர்க் கான்களோடு பெண்கள் வரிசை.

மீனம்மா கான்களைப் பார்த்தாள். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.

"கீழ ஒரு வரி எழுதலாமோ சேர்?"

"விளக்கம் எண்டா எழுதுங்கோ."

அவள் எழுதியதைச் சுதாகரன் உரக்க வாசித்தார். "நாங்கள் ஐந்து கிணறு கேட்டோம். ஒரு தாங்கி வந்தது, மிச்சம் ஆவியாகிவிட்டது. இங்கே நெருப்பைக் கூட்டச் சொன்னது சுதாகரன் சேர். அங்கே கூட்டச் சொன்னது யார்?"

கடைசி வரி அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, லொறியைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அந்தக் கடிதம் கிளிநொச்சிக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை.

நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை. தாங்கி இன்றைக்கும் ஜெயபுரத்தில் நிற்கிறது. பயிற்சி முடிந்துவிட்டதால் பவுசர்தான் வருவதில்லை. தாங்கிக்குள் இப்போது குறைவது ஆயிரம் லீற்றர். ஐந்து லீற்றருக்குக் கதிரை போட்டுக் கூடிய குழு, அதற்கு இன்னும் கூடவில்லை.