சிறந்த செவிக்கான முதல் பரிசு

மனிதக் காதின் அருமையை உலகத்துக்கு உணர்த்திய பெருமை ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலையையே சேரும். 1984ஆம் ஆண்டு அது ‘செவிப் பாதுகாப்பு வாரம்’ கொண்டாடியது. ஒரு காதுக்கு மூன்று நாள் வீதம் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை காதுகளுக்கும் விடுமுறை. மில் சத்தத்தைப் பற்றி மேலிடத்திலிருந்து மிரட்டல் கடிதம் வந்ததால்தான் இத்தனையும் என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் சொன்னார்கள். சொல்லட்டும்.

விழாவுக்கென்று அமைந்த ‘பாதுகாப்புக் குழு’ மூன்று முறை கூடியது. மில் சத்தம் எட்டாத தூரத்தில், ஏர்கண்டிஷன் அறையில், கதவு சன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டு, ‘சத்தம் அளவோடுதான் இருக்கிறது’ என்று ஏகமனதாகக் கண்டறிந்தது. ஆனாலும் பெருந்தன்மையாக வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு காதுமூடிகளை வரவழைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியது. சுற்றிப் பார்க்க வரும் விருந்தினர்கள் கால்மணி நேரம் மாட்டிக்கொள்வார்கள். பாவம், பழக்கமில்லாத காதுகள். வருஷக்கணக்கில் பழகிய காதுகளுக்கு ஆளுக்கொரு சிட்டிகைப் பஞ்சு கொடுத்தார்கள்.

அப்படிப் பழகியவற்றில் இரண்டு இருளாயியுடையவை. ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பிழைப்புத் தேடி இங்கே வந்தவள். ரப்பரை நசுக்கிக் கழுவும் மூன்றாம் நம்பர் உருளை மில்லில் பதினெட்டு வருஷம் நின்றுவிட்டாள். வலது காது போயே போய்விட்டது. இடது காதுக்குள் ஒரு சிள்வண்டு குடியேறி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மகள் பாப்பாவுக்குத் தைப்பூசம் கழிந்து பிரசவம். பிள்ளை அழுதால் ஓடிப்போய்த் தூக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. மிச்சமிருக்கிற அரைக் காதும் போய்விட்டால் என்ன செய்வது என்று இருளாயி சத்தமில்லாத தரம் பிரிக்கும் அறைக்கு மாற்றல் கேட்டாள்.

நலப்பிரிவில் குமாஸ்தா வேலை பார்த்த கிராணி பெத்தபெருமாள், ஃபாரத்தைக் கண்டால் பூரித்துப்போகிறவர்.

“தாராளமா மாத்திடலாம்மா. காது கெட்டுப்போச்சுன்னு சோதனையிலே ருசுவாகணும். புதன்கிழமை வாங்க.”

புதன்கிழமை டாக்டர் வரவில்லை. அவருடைய கையெழுத்து மட்டும் முன்கூட்டியே வந்திருந்தது. ஆகவே பெத்தபெருமாளே சோதனையை நடத்தினார். இருளாயியை எதிரே உட்காரவைத்து, முகத்துக்கு நேரே, இருபது சொற்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூட வாத்தியார்போல் உச்சரித்தார்.

“மாம்பழம்.”

“மாம்பழம்.”

“தபால்காரர்.”

“தபால்காரர்.”

இருபதுக்கு இருபது! பெத்தபெருமாளுக்குப் புல்லரித்தது. ஃபாரத்தில் ‘செவித்திறன்: அபாரம்’ என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

வெளியே எதிர் மில்காரி நல்லம்மாள் காத்திருந்தாள்.

“என்னக்கா, ஃபெயிலாயிட்டியா?”

“பாஸாயிட்டேன்டி.”

“அலாமாக்! எப்படிக்கா?”

“அவரு சொன்னாரு, நானும் சொன்னேன்.”

“அவரு வாயைப் பாத்தியா?”

“பின்னே, அவரு சட்டைப் பொத்தானையா பாப்பாங்க?”

நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்களெல்லாம் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்கள். இருபதடி தள்ளி நின்றபடி மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறார்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே கிழி கிழியென்று கிழித்திருக்கிறார்கள். தான் செய்வது கேட்பதல்ல, பார்ப்பது என்பதே இருளாயிக்கு மறந்துவிட்டது. போதாக்குறைக்குத் தோட்டத்து ஆள்கணக்குப் பெரட்டில் வளர்ந்தவள். விடியலில் பேர் கூப்பிடும்போது உடனே குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கிராணியிடம் ஓடினாள்.

“ஐயா, நேத்து உங்க வாயைப் பாத்துச் சொல்லிட்டேங்க. மறுபடி சோதிங்க. வாயைக் கையால மறைச்சுக்குங்க.”

“ஓர் ஆபிசர் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுறது நல்லாவாம்மா இருக்கும்? ஃபாரத்துல அப்படியெல்லாம் போடலையே.”

“அப்ப எனக்குக் காது கேக்கலைன்னு எழுதிக்குங்க.”

“இப்பக்கூட டக்கு டக்குன்னு பதில் சொல்றீங்களே!”

“இப்பவும் வாயைத்தான் பாக்குறேன்லா!”

“பாத்தீங்களா, இதுக்கும் சொல்லிட்டீங்க.”

மாற்றல் மனு நிராகரிக்கப்பட்டது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழு அவசரமாக நான்காம் முறை கூடி, பதினெட்டு வருஷம் மில்லில் நின்றும் பழுதாகாத அந்தச் செவிக்கு முதல் பரிசு அறிவித்தது. மில் சத்தத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்பதற்கு இருளாயியே ‘நடமாடும் அத்தாட்சி’ என்று மேலிடத்துக்குப் பதில் கடிதமும் போய்விட்டது.

சனிக்கிழமை நிறைவு விழா. மேடையில் மானேஜர், பெத்தபெருமாள், இன்னும் மூன்று குழு உறுப்பினர்கள். மானேஜர் மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு பேசியதால் இருளாயிக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. மூன்று முறை பேர் கூப்பிட்டும் அவள் நகரவில்லை. அடக்கமாக்கும் என்று மேடை மெச்சியது. நல்லம்மாள்தான் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பரிசு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. அதைக் கண்டதும் இருளாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரேடியோவை வாங்காமல் மைக்கை வாங்கினாள். மேடையிலிருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே இருந்த இருநூறு தொழிலாளர்களையும் பார்த்து நின்றாள்.

“மானேஜர் துவான், இப்பக் கூப்பிடுங்க! காதுல விழுந்து நான் திரும்பிட்டா, சாகுற வரைக்கும் மில்லுலயே நிக்கிறேன்!”

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. தகரக் கூரை அதிர்ந்தது.

“இருளாயி!” என்றார் பெத்தபெருமாள். அவள் திரும்பவில்லை. “இருளாயி!” என்று மானேஜர் எழுந்து நின்று கத்தினார். குழு உறுப்பினர்கள் மூவரும் கழுத்து நரம்பு புடைக்கச் சேர்ந்து கத்தினார்கள்.

இருளாயி முன்வரிசையைப் பார்த்து மைக்கிலேயே கேட்டாள்: “ஏன்டி நல்லம்மா, கூப்பிட்டாங்களா இல்லையா?”

யாரும் சிரிக்கவில்லை.

அன்றே குழு ஐந்தாம் முறை கூடியது. ‘சத்தம் அளவோடுதான் இருக்கிறது, பரிசாளர் மேலதிகாரிகளுக்கு முதுகு காட்டியது கண்டிக்கத்தக்கது’ என்று தீர்மானித்தது. திங்கட்கிழமை இருளாயி மூன்றாம் நம்பர் மில்லுக்கே போனாள்.

ஆனாலும் விழா மகத்தான வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. அன்று அந்த மேடையில் காது கேளாதவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் இருளாயி ஒருத்திக்கு மட்டும்தான் அது மில்லால் வந்தது.