கழுத்தைப் பார்க்காத டாக்டர்

ஆஸ்பத்திரியில் மிக ஆபத்தான ஆள், இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த டாக்டர்தான். சான்றிதழே வைத்திருப்பவன் என்பதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் கிடக்கும் நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றலாமா, எவ்வளவு ஏற்றலாம் என்று ஸ்கேனில் இதயத்தைப் பார்த்து முடிவு செய்வது. அதுதான் பயிற்சி. வயிற்றிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் மூச்சுக்கு மூச்சு ஒட்டிப்போனால் பெரும்பாலும் உடம்பில் நீர் குறைவு, ஏற்றலாம். உப்பி நின்றால் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் இதயம் ஒழுங்காகச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். (இந்தக் கடைசி வரியை நீங்களாவது மறக்காதீர்கள்.)

போனில் செருகும் சின்ன ஸ்கேன் கருவி ஒன்றும் கைக்கு வந்தது. கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் அந்த மாதம் யாரும் நிம்மதியாகச் சட்டையோடு உட்கார முடியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகரையும் விடவில்லை. (ஆட்டையும் பார்த்தேன் என்று வீட்டில் சொல்வது பொய். ஆடு நிற்கவில்லை.)

எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் நர்ஸ்கள். சித்தி குவைத்தில். அக்கா செல்வி, உதியன்குளங்கரைப் பக்கம் நான் வேலை பார்த்த அதே சிறிய ஆஸ்பத்திரியில். குடும்பத்தின் முதல் டாக்டர் நான். அக்கா பதினைந்து வருடம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆகவே எனக்குத்தான் அதிகம் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு மத்தியானம் அத்தானைத் தாங்கிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். அக்காவின் கணவர். பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். நான்கு நாள் காய்ச்சல், காலையிலிருந்து இரண்டு முறை வயிற்றுப்போக்கு. கை கால் சில்லிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் எழுபது. பணியில் இருந்தது அக்காதான்.

ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருந்தது என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கருவியை எடுத்தேன். நெஞ்சில் வைத்தால் படம் தெளியவில்லை. தெளியும்வரை தேடியிருக்க வேண்டும். நான் நேராக வயிற்றுக்கு இறங்கிவிட்டேன். அங்கே அந்த ரத்தக்குழாய் மூச்சுக்கு மூச்சு மறைந்து மறைந்து வந்தது. ஒட்டிப்போகிறது, உடம்பில் நீர் இல்லை என்று அறிவித்துவிட்டேன். மூச்சு வாங்குகிறவனுக்கு அந்தக் குழாய் கருவியின் பார்வையிலிருந்து விலகிப்போகும், ஒட்டிப்போனதுபோலத் தெரியும் என்று பயிற்சியில் எச்சரித்திருந்தார்கள். (அப்போது நான் டீக்கு வரிசையில் நின்றேன்.)

முதல் பாட்டில் முடிந்தது. அழுத்தம் ஏறவில்லை. இரண்டாவதும் முடிந்தது. அக்கா என்னை ஓரமாக இழுத்தாள்.

“மக்கா, அவருக்க கழுத்து நரம்பு பொங்கி நிக்குது பாத்தியா? உடம்புல வெள்ளம் இல்லாத மனுசனுக்கு இப்பிடி நிக்காதுலே.”

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். நான் அத்தானின் கழுத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

“ஸ்கேன்ல பாத்தாச்சு அக்கா. இது டாக்டருக்க காரியமாக்கும். நீ அடுத்த பாட்டில எடு.”

அவள் எடுத்தாள். தன் புருஷனுக்குத் தன் கையாலேயே மாட்டினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாவது பாட்டில் பாதி இறங்குவதற்குள் அத்தான் வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. நுரையீரல் முழுக்க நான் ஏற்றிய நீர். காய்ச்சல் அவருடைய இதயத் தசையைத் தாக்கியிருந்தது. இறைக்க முடியாமல் திணறிய இதயத்துக்கு நான் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, திருவனந்தபுரம் கொண்டுபோனோம். அங்கே இதய டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் என் பக்கம் திரும்பினார். “ஹார்ட் நோக்கியில்லே, டாக்டரே?” என்று மட்டும் கேட்டார். இதயத்தைப் பார்க்கவில்லையா என்று மலையாளத்தில் கேட்கிறார்.

பதினொரு நாள் வென்டிலேட்டர். அத்தான் பிழைத்தார். இதயமும் மெல்லத் தேறியது. ஆனால் தொண்டையில் கிடந்த குழாய் குரலைக் கொண்டுபோய்விட்டது. அத்தான் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இப்போது அவருக்குக் காற்றும் கரகரப்பும்தான். வேன் ஓட்ட அது போதும்.

வீட்டில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. யார் தண்ணீர் குடித்தாலும் என் அனுமதி கேட்பார்கள். இதைத் தொடங்கிவைத்தவர் அத்தானே. போன மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். போதகர் தண்ணீரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அத்தான் என் காதுக்குள், “டாக்டரே, பிள்ளைக்கு எத்தற சொட்டு விடலாம்?” என்றார். இரண்டு பெஞ்சு குலுங்கியது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கிறார், அப்படியானால் மன்னித்துவிட்டார் என்று இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தவன் நான்.

விருந்து முடிந்து கை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ வெசனப்படப்பிடாதுன்னாக்கும் அவரு ஒன் முன்னால சிரிக்காரு,” என்றாள். “வீட்டுல சிரிப்பு கெடையாது.”