நிச்சயப் புடவையும் கூடுதல் பரிமாணமும்

அதிகம் படித்தவனிடம் வீட்டுப் பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. (காரியத்தைக் கெடுப்பதோடு, கெடுத்ததற்கு விளக்கமும் சொல்வான்.) சந்தேகமிருந்தால் என் அண்ணியைக் கேளுங்கள்.

அப்போது நான் ஜெனீவா பக்கம் பூமிக்கடியில் ஓடும் துகள் மோதுவி இயந்திரத்தின் தரவுகளைத் துழாவி, நீளம், அகலம், உயரம் போக இன்னும் உண்டு என்று இழைக் கோட்பாடு சொல்லும் கூடுதல் பரிமாணங்களுக்குத் தடயம் தேடிக்கொண்டிருந்தேன். துழாவியது என்னவோ சென்னையில் ஒரு கணினி முன்னால்தான். ஆனாலும் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்குக் காஞ்சிபுரம் வந்தபோது, பிரபஞ்சமே என் சட்டைப்பையில் இருப்பதுபோல் நடந்தேன்.

அம்மா கொடுத்தது ஒரே வேலை. பெண்ணுக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டுப்புடவையைப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி, நேராகப் பெண் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு பெண் சபைக்கு வந்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள்.

கோயிலில் என் காதில் கைப்பேசி. எங்கள் வரைபடத்தில் ஒரு புடைப்பு தெரிகிறது, தேடிய தடயமாக இருக்கலாம் என்று என்னோடு ஆராய்பவன் சொன்னான். எனக்கு நோபல் பரிசுக்கு என்ன வேட்டி கட்டுவது என்ற யோசனை. பூசாரி ஏதோ கேட்டார், தலையாட்டினேன். அவர் நீட்டிய பையைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பெண்ணின் அப்பா, பாவம், மரியாதைக்கு என் வேலையைப் பற்றி விசாரித்தார். விடுவேனா? மோதலுக்கு முன் இருந்த ஆற்றலையும் பின்னால் வந்ததையும் கூட்டிப் பார்ப்போம், குறைந்தால் அது கண்ணுக்கு எட்டாத பரிமாணத்துக்குள் நழுவியிருக்கலாம் என்று சபைக்கே பாடம் எடுத்தேன். (முதலில் நம் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.)

அம்மா பையைத் திறந்தார். ஒரு மூடித் தேங்காய், ஓர் எலுமிச்சை, குங்குமம்.

பெண்ணின் அப்பா நிதானமாகக் கேட்டார். "உள்ள போனது வெளிய வர்லியே தம்பி. அந்தப் பக்கம் நழுவிக்கினு போயிடுச்சாபா?"

அண்ணன் பைக்கில் பறந்தான். "அம்மனுக்குச் சாத்திடவாபா?" என்றுதான் பூசாரி என்னைக் கேட்டாராம். அண்ணன் அனுப்பிய படத்தில் அரக்குப் பட்டில் அம்மன் ஜொலித்தாள். கட்டியதைக் கழற்றச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? பெண் தன் சித்தியின் பழைய புடவையில், சிவந்த கண்களோடு சபைக்கு வந்தார். நான் பந்திக்கு உட்காராமலே சென்னை திரும்பினேன்.

வரைபடத்தின் அந்தப் புடைப்பும் மேலும் தரவு சேரச் சேரச் சில மாதங்களில் கரைந்துபோனது. தடயம் எதுவும் இல்லை என்றுதான் ஆய்வேட்டை முடித்தேன். இன்றும் வீட்டில் கரண்டி காணாமல் போனால் முதல் விசாரணை என்னிடம்தான்.

ஆய்வேட்டின் முடிவைச் சொன்ன அன்று அண்ணி சிரிக்கவே இல்லை. "ஒண்ணுமே அந்தப் பக்கம் போவலன்னு எழுதாத தம்பி," என்றார். "என் புடவை போயிருக்குது."