உப்பில்லாத கூஸ்கூஸ்

லாரி மறுபடியும் நின்றது. அதே வளைவு, அதே ஊற்று, அதே கரூப் மரம்.

பிஹி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"என்ன அண்ணே, நின்னுருச்சா?"

"இல்லம்மா. மூச்சு வாங்குது."

"வாங்கட்டும் அண்ணே. அதுக்கும் வயசாச்சுல்ல."

பதினேழு பெண்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். காலையிலிருந்து ஆர்கான் எண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்தில் கல்லால் கொட்டை உடைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள். பிஹியின் மனைவி கெல்தூமும் அவர்களில் ஒருத்தி. பதினெட்டாவது ஆள் துதா மட்டும் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்தின் மனைவி. அதிகம் பேசமாட்டாள். முழங்கால் வலி என்று வழியில் இறங்கவும் மாட்டாள்.

பிஹி பானெட்டைத் தூக்கினான். பில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினான். டீசல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அழுத்திக்கொண்டே இருந்தான். அரை மணி நேரம் கழித்து, யாரோ மனமிரங்கியது போல் டீசல் குபுகுபுவென்று வந்தது. எஞ்சின் ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது.

இதே கதைதான் பன்னிரண்டு நாளாக நடக்கிறது. காலையில் போகும்போது லாரி முனகுவதில்லை. மாலையில் திரும்பும்போது இந்த வளைவைத் தாண்டுவதில்லை.

தாசில்லா ஊருக்குள் நுழைந்தபோது அந்தி நேர மஃரிப் தொழுகைக்கான பாங்கு முடிந்திருந்தது. பள்ளிவாசல் சுவரோரம் கணவன்மார்கள் பசியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஹாஜியார் உம்பாரக் எழுந்து வந்தார்.

"பிஹி, சமைக்கிறவங்களை நீ இருட்டுல கொண்டு வந்து இறக்கினா நாங்க எப்ப திங்கிறது?"

"சின்ன ரிப்பேர் ஹாஜியாரே. நாளைக்குச் சரியாயிடும்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. என் தங்கச்சி பையன் அகாதிர்ல புது வேன் வாங்கியிருக்கான். ஏசி இருக்கு. வர்ற மாசம் முதல் தேதிக்குள்ள பாங்குக்கு முன்னாடி வந்து சேரு. இல்லைன்னா இந்த வேலை அவனுக்கு. உன் லாரியில கோழி வளர்த்துக்க."

பிஹிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவனுக்குத் தெரிந்த வேலை இந்த லாரியை ஓட்டுவது ஒன்றுதான். அதுவும் முழுதாகத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் காலை பெண்களை இறக்கிவிட்டு மெக்கானிக் மௌலூதிடம் போனான். இந்த லாரியில் மௌலூதின் கை படாத இடம் கிடையாது. பழைய டீசல் டேங்க் துருப்பிடித்து ஓட்டையானபோது, பின்னால் பெஞ்சுக்கு அடியில் ஒரு பீப்பாயை வைத்து, வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பித்தளைத் திருகுக் குழாயை அதில் மாட்டி, ரப்பர் டியூப் இழுத்து எஞ்சினுக்கு விட்டவன் அவன்தான். அன்றைக்கு அவனே தன் முதுகில் தட்டிக்கொண்டான்.

"பில்டர் சின்னது, அதான் காத்து புடிக்குது. பெருசா ஒண்ணு போடறேன்" என்றான் மௌலூத்.

பழைய டிராக்டரிலிருந்து கழற்றிய பெரிய பில்டரைப் போட்டான். அதைப் பொருத்த இடம் போதாமல் ஹாரனைக் கழற்றிப் பிஹியின் மடியில் வைத்தான்.

"ஹாரன் இல்லாம எப்படிடா ஓட்டறது?"

"உனக்கு வாய் இருக்குல்ல?"

அன்று மாலை பிஹி ஜன்னல் வழியே தலையை நீட்டி, வழியிலிருந்த ஆடுகளை எல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். கரூப் மரம் வந்தது. லாரி நிற்காமல் தாண்டியது. பிஹி கைதட்டப் போனான். இருநூறு கெஜம் தள்ளி, நிழலே இல்லாத பாறை வெளியில், எஞ்சின் விக்கி அணைந்தது.

பின்னால் பெரிய கூச்சல் எழுந்தது.

"இங்கயா நிக்கிறது? மனுஷங்க உக்கார்ற இடமா இது?"

"அண்ணே, உங்க லாரிக்கு அறிவு இருக்கா? மரத்துக்கிட்ட நிக்க வேண்டியதுதானே?"

பிஹிக்கு உண்மையிலேயே வலித்தது. லாரி நின்றதற்குத்தான் இதுவரை ஏச்சு வாங்கியிருக்கிறான். நின்ற இடம் சரியில்லை என்று யாரும் ஏசியதில்லை.

மறுநாள் லாரி ஒழுங்காகக் கரூப் மரத்தடியில் நின்றது.

"லாரி புது பில்டருக்குப் பழகிருச்சு" என்றான் பிஹி மௌலூதிடம்.

"லாரி பழகாது பிஹி. ரப்பர் டியூப்புல எங்கயோ கசியுது."

டியூப் மாற்றினார்கள். புது டியூப் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டிலிருந்து சொட்டிய டீசல் பிஹியின் செருப்பில் விழுந்தது. அந்த நாற்றத்துக்காகக் கெல்தூம் அவனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்தாள். ஒட்டைப் பழைய சைக்கிள் டியூபால் கட்டினார்கள். கட்டு பேன் பெல்ட்டில் உரசியது. பெல்ட் அறுந்தது. பெல்ட்டுக்குப் பதில் பிஹியின் பெரிய பேத்தியின் நைலான் காலுறை ஒன்று இரண்டு நாள் ஓடியது. இத்தனைக்குப் பிறகும் தினமும் மாலையில் மரத்தடியில் அரை மணி நேரம் நிற்கத்தான் செய்தது.

ஹாஜியார் நேரில் சோதிக்க வந்தார். வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு விடுமுறை. பெண்கள் இல்லாத வெறும் லாரியில் பிஹியும் அவரும் சங்கம் வரை போய்த் திரும்பினார்கள். லாரி மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாரம் இருந்தாத்தான் நிக்கும்" என்றான் பிஹி.

இருபது மூட்டை பார்லியை ஏற்றினார்கள். மறுபடியும் போய்த் திரும்பினார்கள். லாரி கல்யாண வீட்டுக்குப் போவது போல் ஓடியது.

"பாத்தியா? மூட்டை வாயை மூடிக்கிட்டு வருது. உன் லாரிக்கு அதான் வேணும்" என்றார் ஹாஜியார்.

அன்றிரவு பிஹி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் கெல்தூம்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது நான் ஒருத்தன்தான்."

"எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனா ஊத்துப் பக்கத்துல இருக்கற பழைய மரம் அது. நான் வேற எதுவும் சொல்லல."

பிஹி ரொட்டியைக் கீழே வைத்தான்.

விடிந்ததும் ஹஸ்ரத் சி தாஹர் வீட்டில் போய் நின்றான். துதா தேநீர் ஊற்றிவிட்டு, வேலைக்குக் கிளம்ப முக்காட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹஸ்ரத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"தினமும் ஒரே இடம், ஒரே நேரம். அங்க ஜின் குடியிருக்கு. சந்தேகமே இல்லை."

"என்ன கேக்குது ஹஸ்ரத்?"

"பெருசா ஒண்ணுமில்லை. தினமும் சாயங்காலம் ஒரு பெரிய தட்டு கூஸ்கூஸ். சூடா இருக்கணும். உப்பு மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது. உப்பைக் கண்டா ஜின் ஓடிரும்."

"ஓடட்டுமே! அது நல்லதுதானே?"

"ஓடி எங்க போகும்? பக்கத்துல நிக்கற உன் லாரிக்குள்ளதான் போகும்."

"அப்ப உப்பு வேண்டாம் ஹஸ்ரத்" என்றான் பிஹி.

"தட்டை வெச்சவங்க திரும்பிப் பாக்காம வரணும்" என்று தொடர்ந்தார் ஹஸ்ரத். "லாரி நின்னதும் நீயும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. தலையை எஞ்சினுக்குள்ள விட்டுக்க."

"அது எப்பவும் அங்கதான் இருக்கு ஹஸ்ரத்."

ஒரு சிக்கல் இருந்தது. தட்டு மாலையில் சூடாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் பெண்கள் யாரும் இருப்பதில்லை, எல்லோரும் சங்கத்தில் இருப்பார்கள். ஆகவே ஆண்கள்தான் சமைக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் பிஹி இதைச் சொன்னான்.

"ஜின்னுக்கு ரொட்டி பிடிக்காதா?" என்று ஒருவர் கேட்டார்.

முதல் நாள் ஹாஜியார் முறை. கோதுமை ரவையை ஆவியில் உதிரியாக வேகவைப்பதுதான் கூஸ்கூஸ். அவர் வேகவைத்ததைச் சுவர் பூச எடுத்துக்கொண்டு போகலாம் போலிருந்தது. தலையில் சுமந்து போய் மரத்தடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார். அன்று லாரி ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளம்பவில்லை. கிளம்பும்போது பார்த்தால் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"ஜின்னுக்குப் பிடிக்கல" என்றான் பிஹி தயங்கித் தயங்கி.

ஹாஜியார் முகம் சுண்டிவிட்டது. வாழ்நாளில் யாரும் அவரை எதிலும் குறை சொன்னதில்லை. மறுநாளும் நானே வைக்கிறேன் என்று பிடிவாதமாக அடுப்படிக்குப் போனார். மூன்று முறை ஆவியில் வைத்து, கையால் உதிர்த்து, நெய்யும் உலர்திராட்சையும் கோழிக்காலும் சேர்த்தார். விரல் இரண்டைச் சுட்டுக்கொண்டார்.

அன்று லாரி இருபத்தைந்தாவது நிமிடம் ஒரே உதறலில் கிளம்பியது. தட்டு கழுவி வைத்தது போலிருந்தது.

"எலும்பைக்கூட விடல ஹாஜியாரே!"

"எல்லாம் கைப்பக்குவம்" என்றார் ஹாஜியார், சுட்ட விரல்களை ஊதிக்கொண்டு.

அதன் பிறகு ஊரே ஒரு வழிக்கு வந்தது. யார் தட்டுக்கு லாரி சீக்கிரம் கிளம்புகிறது என்று ஆண்களுக்குள் போட்டி வந்துவிட்டது. பூசணி போட்டால் இருபது நிமிடம், டர்னிப் போட்டால் நாற்பது. பள்ளிவாசல் சுவரோரம் உட்கார்ந்து கொத்துமல்லியை எப்போது சேர்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜின்னுக்குச் சமைக்கும்போதே கூட ஒரு படி போட்டு வீட்டுக்கும் எடுத்துவைத்ததால், பெண்கள் எப்போது வந்தாலும் யாரும் பசியில் கத்தவில்லை. ஒரு நாள், முறைக்காரருக்குக் காய்ச்சல் என்று தட்டு வைக்காமல் விட்டார்கள். அன்று லாரி மரத்தடியில் ஒரு முறையும், ஊருக்குள் நுழையும் முன் இன்னொரு முறையும் நின்றது. அதற்குப் பிறகு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

முதல் தேதி வந்தது. லாரி பாங்குக்கு முன்னால் ஒரு நாள்கூட வந்து சேரவில்லை. பிஹி எதற்கும் தயாராகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாஜியார் முன்னால் போய் நின்றான். ஹாஜியார் தன் தங்கை மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனைக் குரல் வெளியே கேட்டது.

"மாமா, ஜின் இருக்கற ரோட்டுக்கு என் வேன் வராது. புது வண்டி. அது உள்ள ஏறி ஏசி போட்டுக்கிட்டு உக்காந்துட்டா நான் யாரைக் கூப்பிட்டு இறக்கறது?"

ஹாஜியார் போனை மடியில் வைத்தார்.

"சாவியை உள்ள வை பிஹி. அந்த ஜின் உன் லாரிக்குப் பழகிப்போச்சு. நம்ம சமையலுக்கும் பழகிப்போச்சு. இப்ப எதுக்குப் போய் அதைக் கிளறிக்கிட்டு? நீயே ஓட்டு. லேட்டானா ஆகட்டும்."

அன்று மாலை பிஹி சீட்டி அடித்துக்கொண்டே லாரி ஓட்டினான். மரத்தடியில் லாரி நின்றபோது முதல் முறையாக அவனுக்குக் கோபம் வரவில்லை. மரியாதையாகத் தலையை எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் ஊற்று சலசலத்தது. பெண்கள் சிரிப்பதும் தேநீர்க் குவளைகள் உரசுவதும் கேட்டன. அவன் திரும்பவில்லை. முந்நூறு மூச்சு எண்ணினான், பம்பை அழுத்தினான், டீசல் வந்தது.

ஊரில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கடைசியாகத் துதா இருந்தாள். அவள் முழங்காலை நினைத்து பிஹி மர ஸ்டூலை எடுத்துப் போட்டான். அவள் ஸ்டூலைத் தொடாமல் பலகையிலிருந்து பொத்தென்று குதித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி போனவள், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் பிஹியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"அண்ணே, பெஞ்சுக்கு அடியில இருக்கற அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் கிரீஸ் வைங்க, தினமும் மூடித் திறந்து என் மணிக்கட்டே போச்சு, அப்புறம் நாளைக்கு எங்க வீட்டு ஹஸ்ரத் முறை, நான் சொன்னா அவர் கேக்க மாட்டாரு, நீங்களாவது ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்க."