என் விசிலுக்கு நின்ற பேருந்து

கெஃப், வியாழக்கிழமை

மரியாதைக்குரிய அக்கா சுவாத் அவர்களுக்குத் தம்பி லமீன் சலாம் கூறி எழுதுவது. இங்கு யாவரும் நலம். பிஸெர்தில் நீயும் அத்தானும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக.

நலம் விசாரித்தாயிற்று, இனி என் கதையைக் கேள். உடற்பயிற்சி ஆசிரியர் காலை உடைத்துக்கொள்ள, முப்பது வருடம் வரைபடம் மட்டுமே காட்டிய என் கையில் விசிலைத் திணித்துவிட்டார் தலைமையாசிரியர். உன் பள்ளியில் செய்வதாக நீ ஒருமுறை போனில் சொன்னபடி முப்பத்தெட்டுப் பிள்ளைகளை நாலு குழுவாக்கி நாலு மூலையில் நிறுத்தினேன், விசில் ஊதினால் இடம் மாற வேண்டும் என்றேன், அதன் விதிகளை விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று, அதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள். "சார், இதெல்லாம் நோட்டுல எழுதிக்கணுமா?" என்றாள் இப்திஸாம். அந்த ஆத்திரத்தில் ஊதினேன். நாலு குழுவும் ஒரே மூலைக்கு ஓடி மோதின. பிரிக்க மறுபடி ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். மதிலுக்கு அப்பால் நாற்சந்தி என்பது புவியியல் ஆசிரியனுக்கே மறந்துபோயிற்று.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ரிதா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். "சார், நான் போகச் சொல்ற பஸ் உங்க விசிலுக்கு நிக்குது. ரோட்டுக்குப் போலீஸ் நீங்களா, நானா?" என்றார். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார், பொறுக்கவில்லை. "இது கிளாஸா, சந்தையா?" என்று மைதானத்தின் நடுவில் நின்று ஒரு கையை நீட்டினார், ஒரு குழு நின்றது, மறுகையை அசைத்தார், இன்னொன்று ஓடியது. ஐந்தே நிமிடத்தில் நாலு குழுவும் ஒழுங்காகச் சுற்றின.

வெளியே சந்தியில் கைகாட்ட ஆளில்லாமல் பேருந்து நகரவே இல்லை. அதிலிருந்து இறங்கி நடந்தே வந்துவிட்டார் கல்வி ஆய்வாளர் அம்மாள்.

"இவர் யாருங்க?"

"பயிற்சி ஆசிரியருங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"சீருடை பிரமாதம்" என்று குறித்துக்கொண்டார்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில் இந்தப் பொய் வெளியே வந்தால் என் மானம் என்னாகும்? ஆகவே, தம்பிக்குச் சிறுவயது முதல் முழங்கால் சரியில்லை, அவனை விட்டுவிடுங்கள் என்று தலைமையாசிரியருக்கு நீ உடனே எழுது. அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
லமீன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஒரு நாள் கழிந்துவிட்டது. ஆய்வாளரிடம் நானே உண்மையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்று கோலுக்கு ஆளில்லை என்று பிள்ளைகள் என்னை நிறுத்தினார்கள். ஒரு பந்தைத் தடுத்தேன், மூக்கால். முப்பத்தெட்டுப் பேரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், அக்கா. நீ யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். நாற்பத்திரண்டாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி அனுப்பு.