தக்காளிக்காகப் பாலம் தாண்டியவர்

நம்மவர் ஒரு சபதம் எடுத்தார். சாப்பாட்டு மேஜையில், இரண்டாம் முறை பரிமாறிக்கொண்ட பிறகு எடுத்தார். வெறும் வயிற்றில் சபதம் எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“இனிமே இந்த வீட்டுக்கு சூப்பர்மார்க்கெட் சாமான் ஒண்ணுகூட வரக்கூடாது. எல்லாமே சின்னக் கடைக்காரங்ககிட்டதான். நானே போய் வாங்கிட்டு வரேன். தினமும்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஜுரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது. நம்மவர் விடவில்லை. அந்தப் பெரிய கடையில் நம்மை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அங்கே குளிர் மட்டும்தான் நம்மை வரவேற்கிறது என்றார். தக்காளியெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது, தொட்டால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கிறது என்றார். தெருக்கோடியில் கடை போட்டிருப்பவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா என்று கேட்டபோது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. அவருக்கே ஆச்சரியம்.

உண்மை வேறு. நம்மவருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவர் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. ஃபைல் எடுக்க ஒரு உதை, டீ வாங்க ஒரு உதை, மேலதிகாரி கூப்பிட்டால் இரண்டு உதை. அவர் எவ்வளவு உயரம் என்று அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன வாரம் டாக்டர் அவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் நடங்கள், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை என்று சொல்லிவிட்டார். வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டாயிற்று.

அந்த மச்சான் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, விசில் விடவில்லை. விடிவதற்கு முன்பே ஒரு கூட்டத்தைத் திரட்டி ஊரைச் சுற்றி நடத்திக்கொண்டு போவார். நம்மவர் ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டத்தோடு போயிருக்கிறார். திரும்பி வரும்போது பால்காரர் ஸ்கூட்டரில் இரண்டு கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார். அதிலிருந்து விசில் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

அதனால்தான் சபதம். கடை கடையாக அலைவதே ஒரு மணி நேர நடைதானே, தனியாக வேறு நடக்க வேண்டுமா என்பது அவருடைய வாதம். மனதுக்குள் போட்ட கணக்கு இன்னும் இனிப்பானது. வீட்டுக்குக் கீழே இருக்கும் தெருவில் காய்கறி, முட்டை, ரொட்டி, மீன் எல்லாமே அடுத்தடுத்து இருக்கின்றன. பத்து நிமிஷத்தில் பை நிரம்பிவிடும். மிச்ச நேரம் முழுக்க டீக்கடை பெஞ்சு.

“நல்ல யோசனைங்க,” என்றாள் மனைவி. “ஆனா ஒரு சாமான் குறைஞ்சு வந்தாலும் மறுநாள் காலையில அண்ணனோட கிளம்பிடணும்.”

நம்மவர் உடனே ஒப்புக்கொண்டார். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவள் பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எந்த வண்டி எந்தத் தெருவில் நுழைந்து, எந்த முக்கில் திரும்பி, யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று தினமும் வழி போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அப்படிப்பட்டவள் தலையாட்டினால், அதற்குள் மனதில் ஒரு வழி போட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். நம்மவரோ அப்போது மூன்றாவது முறை பரிமாறிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலை காய்கறிக்காரம்மா கடைக்குப் போனார். முன்னால் தக்காளி மலையாகக் குவிந்திருந்தது. ஒவ்வொன்றும் சிவந்து, பளபளத்து, என்னை எடு என்னை எடு என்றது.

“ஒரு கிலோ தக்காளி.”

அந்தம்மா அவரைப் பார்த்தாள். தக்காளியைப் பார்த்தாள். “இது வேணாம் தம்பி.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“உங்களுக்கு சரிப்பட்டு வராது. பாலம் தாண்டி ஒருத்தர் போட்டிருக்காரு பாருங்க, அது தக்காளி.”

அழுகலைத் தலையில் கட்டுகிற கடைக்காரர்களை நம்மவர் பார்த்திருக்கிறார். நல்ல சரக்கை வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்கிறவரை இப்போதுதான் பார்க்கிறார். கெஞ்சிப் பார்த்தார். அந்தம்மா அதற்குள் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டாள். விசில் நினைவுக்கு வந்தது. பாலம் தாண்டினார்.

பாலத்துக்காரர் மரியாதையாகத் தக்காளி கொடுத்தார். வெங்காயம் கேட்டதும் கையை விரித்தார். காலடியில் ஒரு மூட்டை வெங்காயம் வாய் பிளந்து கிடந்தது. அது ஆகாது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கடை இருக்கிறது, அங்கே போங்கள் என்றார். தொட்டிக் கடைக்காரர் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டு, முட்டையை மட்டும் மாவு மில் பக்கத்தில் வாங்குங்கள் என்றார். ரொட்டிக்கடையில் அடுக்கடுக்காக ரொட்டி இருந்தது. கடைக்காரரோ, புதுசு இப்போதுதான் அடுப்புக்குள் போயிருக்கிறது என்றார். “அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சார்.”

வீட்டுக்கு வந்தபோது நம்மவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு செடிக்கு ஊற்றலாம். முட்டையில் ஒன்று உடைந்திருந்தது. மற்றபடி ஒரு சாமான் குறையவில்லை.

மறுநாளும் இதே கதை, வழி மட்டும் வேறு. அதற்கடுத்த நாளும் அப்படியே. இன்னொருவராக இருந்தால் சபதத்தைக் கை கழுவியிருப்பார். நம்மவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. வந்த வாடிக்கையாளரை எதற்காக அடுத்த கடைக்கு அனுப்புகிறார்கள்? உலகத்தில் எங்காவது இப்படி வியாபாரம் நடக்குமா? குளிக்கும்போதும் இதே யோசனை. கடைசியில் அவரே ஒரு விடை கண்டுபிடித்தார். சின்ன வியாபாரிகளுக்குள் ஒரு தர்மம் இருக்கிறது, தன்னிடம் இருப்பதைவிட நல்லது இன்னொருவரிடம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள் என்று முடிவு கட்டினார். அலுவலகத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் இதைச் சொன்னார். இரண்டு பேர் கண் கலங்கினார்கள். ஒருவருக்குக் கண்ணில் ஏற்கெனவே ஏதோ கோளாறு.

கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் லேசில் விடாது. முட்டைக்காரர் ஏன் முட்டையை விளக்குக்கு முன்னால் பிடிக்கிறார் என்று கேட்டு, தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினால் குனிந்து பார்த்தார். அடுப்பு போதுமான அளவு சூடாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று ரொட்டிக்கடைக்காரரைக் கேட்க, அவர் ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது சிவக்கிற வேகத்தைக் காட்டினார். இரவு இதையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை. சொல்லப்போனால் நம்மவர் சந்தோஷமாக இருந்தார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. உடம்பிலிருந்து சூப்பர்மார்க்கெட் இறங்குகிறது என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

ஒரு நாள் மாலை காய்கறிக்காரம்மா வழக்கம்போலத் தக்காளிக்குப் பாலம் தாண்டச் சொன்னாள். நாலு எட்டு வைத்தவர், பர்ஸ் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தடவ நின்றார். திரும்பிப் பார்த்தால் மாடி வீட்டு வாத்தியார் அதே தக்காளியில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போகிறார். ஒரு மறுப்பு இல்லை, ஒரு பாலம் இல்லை. நம்மவர் மெதுவாக விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். கம்பம் அவரில் பாதியைத்தான் மறைத்தது.

காய்கறிக்காரம்மா போனை எடுத்தாள்.

“பாலத்துக்காரரா? ஆளு கிளம்பிட்டாரு. தக்காளியைக் குடுத்துட்டு மில்லு வழியா திருப்பி விடுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் வெச்சுக்கோங்க, தொட்டிப் பக்கம் கிடையாது.”

நம்மவர் கம்பத்திலிருந்து வெளிப்பட்டார். அந்தம்மா பதறவில்லை, சிரித்தாள்.

“உங்க வீட்டம்மா ஏற்பாடுதான் தம்பி. மொத நாளே வந்து இந்தப் பெட்டி மேல உட்கார்ந்து, எங்கேருந்து எங்க அனுப்பணும்னு சொல்லிட்டாங்க. கிழமைக்கு ஒரு வழி.”

நம்மவருக்கு முகம் சிவந்தது. வண்டிகளுக்குக் குறுக்கு வழி போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், அந்த வித்தையைத் திருப்பிப் போட்டுத் தாலி கட்டியவனுக்கு ஊரிலேயே நீளமான வழியைப் போட்டிருக்கிறாள். வண்டிக்கு டீசல் மிச்சம் பிடிக்கிறவளுக்குப் புருஷன் கால் மட்டும் இலவசமா? அதைவிட, வியாபாரிகளின் தர்மத்தைப் பற்றி அலுவலகத்தில் தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தபோது எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவ சொன்னா சரி. நீங்க எல்லாரும் எதுக்கும்மா ஒத்துக்கிட்டீங்க?”

அந்தம்மா போனைப் பெட்டி மேல் வைத்தாள். “அந்தப் பெரிய கடை வந்ததுலேருந்து நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கறதில்ல. இருக்கிற நாலு ஆளைப் பக்கத்துக் கடைக்காரன் இழுத்துடுவானோன்னு ஆளுக்கொரு பக்கம் முறைச்சுக்கிட்டு இருந்தோம். உங்களை அனுப்பத்தான் மொதல்ல போன் போட்டோம். இப்ப மத்த ஆளுங்களையும் அனுப்பிக்கறோம். என்கிட்ட இல்லாதது அவர்கிட்ட, அவர்கிட்ட இல்லாதது என்கிட்ட. நீங்க நல்லா நடந்தீங்க தம்பி.”

அப்படியானால் தான் சொன்ன தர்மம் முழுப் பொய்யில்லை. நம்மவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் கால் கெஞ்சியது, மூளை மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. நாளை முதல் எல்லாச் சாமானையும் இந்தக் கடைக்கே வரவழைத்து ஒரே பையில் போட்டு வைக்கும்படி கேட்டார். தான் எதிரே டீக்கடையில் இருப்பதாகவும், நேரமானதும் வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

“அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள் காய்கறிக்காரம்மா. “கேட்காத வரைக்கும் எனக்கென்ன.”

அடுத்த வாரம் நம்மவருக்குச் சொர்க்கம். அலுவலகம் விட்டதும் நேராக பெஞ்சு. காலை நீட்டி, செய்தித்தாளை விரித்து, இரண்டு டீயும் நாலு பேர் வம்பும். நேரமானதும் எழுந்து, தெருக்குழாயில் முகத்தையும் சட்டைக் காலரையும் நனைத்துக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் போட்டு, மாடிப்படியில் நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிப் பழகிவிட்டுக் கதவைத் தட்டுவார். மனைவி மின்விசிறியைப் போடுவாள், தண்ணீர் கொடுப்பாள். பாவம் என்றுகூட ஒரு நாள் சொன்னாள். ஏமாற்றுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் நம்மவர் எப்போதோ ஆரம்பித்திருப்பார்.

ஒரு மாலை அவள் பையைப் பிரித்துச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, முன்னெல்லாம் தினம் ஒரு முட்டையாவது உடைஞ்சிருக்கும். இந்த வாரம் ஒண்ணுகூட உடையலையே?”

“நடை பழகிடுச்சு,” என்றார் நம்மவர், சோபாவில் சாய்ந்தபடி. “இப்பெல்லாம் எவ்வளவு தூரம் நடந்தாலும் உடம்பு குலுங்கறதில்ல. பை தோள்ல இருக்கறதே தெரியாது.”

“அப்படியா?” என்றாள். ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முதலில் யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். பிறகு அவள் தன் அண்ணனிடம் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. தன்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுகிறாள் என்று நம்மவர் நினைத்தார். அதில் தப்பில்லை, அவளும் அதைத்தான் பேசினாள்.

மறுநாள் இன்னும் வெளுக்கவில்லை. விசில் சத்தம் கேட்டது. கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தார். மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை வாசலில். கதவைத் திறந்தால் மச்சான் நிற்கிறார், பின்னால் படிக்கட்டு முழுக்க அவருடைய நடைக் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காலிப் பை.

“வாங்க மாப்ளே. நாங்களும் அந்தப் பெரிய கடையை விட்டுட்டோம். இனிமே காலை நடையும் கடையும் ஒண்ணா முடிச்சிடலாம்னு தங்கச்சிதான் சொல்லிச்சு. உங்களுக்கு எல்லா வழியும் அத்துப்படியாமே. கடைக்காரங்களும் சீக்கிரம் திறக்கறோம்னுட்டாங்க. நீங்கதான் முன்னால நடக்கணும், தினமும். உங்க சாயங்கால சபதம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே விசிலைக் கழற்றி நம்மவர் கழுத்தில் மாட்டினார். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நம்மவர் மனைவி பக்கம் திரும்பினார். ஒரு நாளாவது ஒரு சாமான் குறைந்ததா, பேசிய பேச்சு என்ன என்று தாழ்ந்த குரலில் நியாயம் கேட்டார். குறையவே இல்லை, அந்தப் பெருமையைத்தான் அண்ணனிடம் சொன்னேன் என்றாள் அவள். இனி ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. உடம்பைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார்.

“காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்னா எப்படி? டாக்டர் ஒரு வேளைதானே நடக்கச் சொன்னாரு. கால் என்னத்துக்கு ஆகும்?”

மனைவி அவர் தோளில் பையை மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

“கால் வலிச்சா சாயங்காலம் டீக்கடை பெஞ்சுல நீட்டிக்கோங்க, வழக்கம்போல.”